விறகுக் கட்டையில் பிறந்த இசை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒரு மரக்கட்டையைத் தட்டினால் ஓசை எழும். அதே பருமனில் குறுகிய கட்டை ஒன்றைத் தட்டினால் எழும் ஓசை அதனினும் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். நீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடும் என்பது ஒலியியலில் நாம் படிக்கும் தொடக்கப் பாடம். இந்தப் பாடத்தைப் புத்தகம் இன்றி, ஆசிரியர் இன்றி, அடுக்கி வைத்திருந்த விறகுக் கட்டைகளிடமிருந்து தானே கற்றுக்கொண்டான் ஒரு சிறுவன். தடித்த கட்டை, மெலிந்த கட்டை, நெடிய கட்டை, குறுகிய கட்டை என்று மாற்றி மாற்றித் தட்டி, தான் கேட்டிருந்த மெட்டுகளை அவற்றிலே எழுப்பி மகிழ்ந்தான்.

அச்சிறுவனே பிற்காலத்தில் டென்மார்க் நாட்டின் தலைசிறந்த இசையமைப்பாளராகவும் இசைக்குழு நடத்துநராகவும் விளங்கிய கார்ல் நீல்சன். ஆறு சிம்பொனிகளும், இரண்டு இசை நாடகங்களும், ஏறத்தாழ முந்நூறு பாடல்களும் அவர் உலகுக்கு அளித்த செல்வங்கள். மேலைநாட்டு இசை நமக்கு எட்டாதது என்று ஒதுங்கி நிற்போர் நம்மில் பலர். நானும் அவ்வாறு ஒதுங்கி நின்றவனே. ஆயினும் நீல்சனின் வாழ்க்கையைப் படித்தபோது, இது நம் வீட்டுக் கதை போலல்லவா இருக்கிறது என்று தோன்றியது. அத்தோற்றமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பிறப்பும் இளமையும்

டென்மார்க், பல தீவுகளும் ஒரு தீபகற்பமும் கொண்ட சிறிய நாடு. அதன் நடுவே அமைந்தது ஃபூனன் தீவு. அத்தீவின் தலைமை நகரம் ஓடன்ஸ். அந்நகருக்குத் தெற்கே, நோரெ லுண்டெல்ஸெ என்னும் சிற்றூரை ஒட்டிய ஒரு குடிசையில், 1865-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் கார்ல் நீல்சன் பிறந்தார். உடன்பிறந்தோர் பன்னிருவரில் அவர் ஏழாமவர்.

தந்தை நீல்ஸ் யோர்கன்சன் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. ஆனால் சுற்றுவட்டாரத்தில் திருமணம் என்றால், விருந்து என்றால், வயலினும் கார்னெட் என்னும் ஊதுகருவியும் ஏந்திச் சென்று வாசிக்கும் கிராமத்து இசைஞரும் அவரே. தாய் மாரென் கிர்ஸ்டீன் வீட்டு வேலைகளுக்கிடையே நாட்டுப் பாடல்களைப் பாடுவார். கார்லுக்கு ஆறு வயதில் அம்மை கண்டபோது, படுக்கையில் கிடந்த பிள்ளையின் கையில் தாய் ஒரு சிறிய வயலினைக் கொடுத்தார். அன்று தொட்ட வயலினை அவர் பின்னர் விடவே இல்லை.

வீட்டில் வறுமை. சிறுவன் கார்ல் வாத்துகளை மேய்த்தான். சற்று வளர்ந்ததும் தந்தையின் இசைக்குழுவில் சேர்ந்து திருமண வீடுகளில் வாசித்தான். விடிய விடிய ஆடுவோர்க்காக விடிய விடிய வாசிக்க வேண்டும். ஆடுவோர் களைத்தாலும் வாசிப்போர் களைக்கக் கூடாது. தாளம் பிசகாமல் வாசிக்கும் உறுதியை அவருக்குத் தந்த முதற் பள்ளிக்கூடம் அதுவே எனலாம்.

ஓடன்ஸ் நகரில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்து உலகப் புகழ் பெற்றவர், சிறுவர் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். அவரும் உன்னைப்போல் ஏழைதான் என்பதை மறந்துவிடாதே என்று தாய் தம் மகனுக்கு நினைவூட்டினாராம். வறுமையிலும் மகனுக்குக் கனவு காணக் கற்றுக்கொடுத்த தாயை என்னென்பது!

படைவீரர் வரிசையில்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கார்ல் ஒரு கடைக்காரரிடம் பயிற்சியாளாக அனுப்பப்பட்டார். சில மாதங்களில் அக்கடைக்காரர் நொடித்துப் போனார். கடை மூடப்பட்டது, பையன் வீடு திரும்பினான். அந்தக் கடை நன்றாக நடந்திருந்தால் டென்மார்க்கிற்கு ஒரு வணிகர் கிடைத்திருப்பார். ஓர் இசை மேதை கிடைத்திருக்க மாட்டார்!

ஓடன்ஸ் நகரில் இருந்த படைப்பிரிவின் இசைக்குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. தந்தையின் துணையோடு பித்தளை ஊதுகருவிகளைப் பயின்று, 1879-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தம் பதினான்காம் வயதில் அக்குழுவில் சேர்ந்தார். பியூகிள், டிராம்போன் ஆகியவற்றை ஊதுவது அவர் பணி. ஊதியம் ஐந்து நாட்களுக்கு ஒரு முறை 3 குரோனரும் 45 ஓரெயும். அத்துடன் ஒரு ரொட்டி. பெரியவர் அணியும் சீருடைக்குள் சிறுவனின் உடல். ஆயினும் பகலெல்லாம் படையில் ஊதிய அவர், விடுப்பில் ஊர் சென்றபோதெல்லாம் தந்தையுடன் வயலின் வாசித்தார். 1881 முதல் வயலினை முறையாகவும் கற்கத் தொடங்கினார்.

1883-இல் கோபன்ஹேகன் சென்று, அந்நாளில் டென்மார்க் இசையுலகின் தலைமகனாகத் திகழ்ந்த நீல்ஸ் காடே என்னும் இசையமைப்பாளரைக் கண்டார். காடே அவரை அன்புடன் வரவேற்றார். படையிலிருந்து விடுதலை பெற்று, 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோபன்ஹேகன் இசைக் கல்லூரியில் மாணவரானார். வண்ணம் பூசுபவரின் மகன், ஓலைவேய்ந்த வீட்டுப் பிள்ளை, தலைநகரின் கல்லூரி வாசலை மிதித்தான். அங்கே அவர் முதன்மை மாணவர் அல்லர். ஆனால் வயலினில் தேர்ச்சி பெற்றார். ஓர்லா ரோசன்ஹோஃப் என்ற ஆசிரியரிடம் இசை இலக்கணத்தை ஐயமறக் கற்றார். கல்லூரி முடிந்த பின்னும் அந்த ஆசிரியரிடம் ஆலோசனை கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

இரண்டாம் வயலின்

1888-ஆம் ஆண்டு செப்டம்பரில், நரம்புக் கருவிகளுக்காக அவர் இயற்றிய சிறிய இசைத்தொகுப்பு கோபன்ஹேகன் டிவோலி பூங்காவின் அரங்கில் ஒலித்தது. மக்கள் பாராட்டினர். ஆனால் பாராட்டு பசியாற்றாது. அடுத்த ஆண்டு அவர் அரச நாடக அரங்கின் இசைக்குழுவில் ஊதியத்திற்கு அமர்ந்தார். அமர்ந்த இடம் இரண்டாம் வயலின் வரிசை.

இங்கே சிறு விளக்கம் தேவை. மேலைநாட்டுப் பெரிய இசைக்குழுவில் வயலின்கள் இரண்டு அணிகளாக அமர்ந்திருக்கும். முதல் அணி பெரும்பாலும் மெட்டைத் தாங்கிச் செல்லும். கேட்போர் செவியில் அதுவே முந்தி நிற்கும். இரண்டாம் அணி அதற்குக் கீழே நின்று இசையின் உட்புறத்தை நிரப்பும். வீட்டுக்கு அடித்தளம் போல, அது இல்லாவிடில் எல்லாம் சரியும். இருக்கும்போது எவரும் அதைக் கவனிப்பதில்லை. அந்த வரிசையில் நீல்சன் 1889 முதல் 1905 வரை பதினாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தார். அவ்வேலை அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஆனால் பிறர் இயற்றிய பேரிசைகள் உள்ளிருந்து எப்படிக் கட்டப்பட்டுள்ளன என்பதை இரவுதோறும் அங்கிருந்தே கேட்டறிந்தார்.

1890-இல் கிடைத்த ஓர் உதவித்தொகை அவரை ஐரோப்பாவைச் சுற்றிவரச் செய்தது. பாரிஸ் நகரில் ஆன் மரீ என்னும் டென்மார்க் பெண்ணைச் சந்தித்தார். அவரும் உழவர் குடும்பத்தில் பிறந்தவர், சிற்பக் கலைஞர். இருவரும் 1891 மே மாதம் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் மணம் புரிந்துகொண்டனர்.

1894-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியது. சிம்பொனி என்பது ஒரு பெரிய இசைக்குழு முழுவதும் சேர்ந்து வாசிக்கும், பொதுவாக நான்கு பகுதிகள் கொண்ட நெடிய படைப்பு. அன்று குழுவை நடத்தியவர் நார்வே நாட்டவரான யோஹான் ஸ்வென்ட்ஸென். இயற்றியவர் எங்கே? வழக்கம்போல் இரண்டாம் வயலின் வரிசையில் அமர்ந்து, தம் படைப்பைத் தாமே வாசித்துக்கொண்டிருந்தார்! இசை முடிந்து கைதட்டல் எழுந்தபோது, அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வணங்கினார். இதைவிட அழகிய காட்சி ஒன்றை ஓர் இசையமைப்பாளரின் வாழ்வில் நினைத்துப் பார்க்க முடியுமா?

அந்தச் சிம்பொனியில் ஒரு புதுமையும் இருந்தது. ஐரோப்பிய மரபில் ஒரு படைப்பு எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு தொடங்குகிறதோ, இடையே எங்கெங்கு அலைந்தாலும் இறுதியில் அதனிடமே திரும்புவது வழக்கம். நீல்சனின் முதல் சிம்பொனி ஓரிடத்தில் தொடங்கி வேறோர் இடத்தில் முடிகிறது. புறப்பட்ட இடம் வேறு, சென்று சேர்ந்த இடம் வேறு. பின்வந்த அவர் படைப்புகள் பலவற்றிலும் இப்பயணத்தைக் காணலாம். வாழ்க்கையும் அப்படித்தானே!

நடத்துநர் மேடையில்

1901-இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 800 குரோனர் உதவி ஊதியம் வழங்கத் தொடங்கியது. இயற்றுவதற்குச் சற்றே ஓய்வு கிடைத்தது. ஒரு கிராமத்து விடுதியின் சுவரில் மாட்டியிருந்த, மனிதரின் நால்வகைக் குணங்களைக் காட்டும் எளிய வண்ணப்படம் ஒன்றை முன்பு அவர் பார்த்திருந்தார். நண்பர்களோடு சேர்ந்து அதைக் கண்டு நகைத்தவர், பின்னர் அதையே கருவாக்கித் தம் இரண்டாம் சிம்பொனியை இயற்றினார். சினம், மந்தம், சோகம், களிப்பு ஆகிய நான்கும் அதன் நான்கு பகுதிகள். அது 1902-இல் அரங்கேறியது. தாவூதின் கதையைக் கூறும் அவருடைய முதல் இசை நாடகமும் அதே ஆண்டில் மேடையேறியது.

1903-இல், பழங்காலச் சிற்பங்களை ஆராய மனைவி கிரேக்க நாட்டிற்குச் சென்றபோது உடன் சென்ற நீல்சன், ஏதென்ஸ் நகரில் ஹீலியோஸ் என்ற இசையை இயற்றினார். இருளில் மெல்லத் தொடங்கி, கதிரவன் எழுந்து, உச்சி கடந்து, கடலில் அமர்வது வரை சொற்களின்றி இசையாலேயே ஒரு நாளைக் காட்டும் படைப்பு அது. புதிதாகக் கேட்போர் இதிலிருந்தே தொடங்கலாம். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடமே ஒலிக்கும். எவருடைய விளக்கமும் இன்றி விளங்கும்.

1906-இல் ஹோல்பெர்க் என்னும் பழைய நாடகாசிரியரின் நகைச்சுவை நாடகத்தை மஸ்கராடே என்ற இசை நாடகமாக்கினார். முகமூடி விழாவில் ஆண்டானும் வேலையாளும் ஒன்றாகக் கலந்து ஆடும் கதை அது. டென்மார்க் மக்கள் இன்றும் அதைத் தங்கள் தேசிய இசை நாடகமாகப் போற்றுகின்றனர்.

1908-இல் ஸ்வென்ட்ஸென் ஓய்வு பெற்றார். எந்த அரங்கில் இரண்டாம் வயலின் வாசித்தாரோ, அதே அரச நாடக அரங்கில் நீல்சன் நடத்துநராக மேடையேறினார். 1914 வரை அப்பொறுப்பில் இருந்து பின் விலகினார். அதன் பின் 1915 முதல் 1927 வரை கோபன்ஹேகன் இசைச் சங்கத்தின் கச்சேரிகளை நடத்தினார். சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரிலும் குழுவை நடத்தினார்.

அணையாத உயிர்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. டென்மார்க் போரில் சேரவில்லை. ஆனால் அழிவின் ஓசை எல்லையில் நிற்குமா? அந்த ஆண்டுகளில் அவர் குடும்ப வாழ்விலும் புயல் வீசியது. அவருடைய தவறுகளால் மனம் நொந்த மனைவி பிரிந்தார். 1922-இல்தான் இருவரும் மீண்டும் ஒன்று சேர்ந்தனர். மேதைகளின் குறைகளை மறைத்து எழுதுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்தச் சூழலில் பிறந்தது நான்காம் சிம்பொனி. அணைக்க முடியாதது என்பது அதன் பெயர். 1916 பிப்ரவரியில் அவரே நடத்தி அரங்கேற்றினார். உயிர் வாழும் வேட்கையை எதனாலும் அணைக்க இயலாது, இசையும் அவ்வாறே, என்பது அவர் கருத்து. இறுதிப் பகுதியில் டிம்பனி என்னும் பெருமுரசுகள் இரண்டு தொகுதிகளாக எதிரெதிரே நின்று முழங்கி மோதுகின்றன. அந்த மோதலைத் தாண்டி இசை எழுந்து நிற்கிறது.

1922-இல் அரங்கேறிய ஐந்தாம் சிம்பொனி இன்னும் துணிவானது. அதில் ஓரிடத்தில், சிறு முரசு வாசிப்பவர் எழுதப்பட்டதை விட்டுவிட்டு, இசைக்குழுவின் ஓட்டத்தையே நிறுத்திவிட முயல்வது போலத் தம் விருப்பப்படி அடிக்க வேண்டும் என்று நீல்சன் குறித்துள்ளார். ஒருபுறம் குழு முழுதும் பாடிச் செல்ல, மறுபுறம் ஒற்றை முரசு அதைச் சிதைக்கப் பார்க்கிறது. 1924-இல் ஸ்டாக்ஹோம் நகரில் இதைக் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் பொறுக்காமல் எழுந்து வெளியேறினர். இன்றோ அது இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த சிம்பொனிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மக்கள் பாடும் பாடல்

இத்தனை கடினமான இசையை எழுதிய கை, எவரும் பாடக்கூடிய எளிய மெட்டுகளையும் எழுதியது என்பதே என்னை வியக்க வைத்தது. 1907-இல், யெப்பெ ஓகேர் என்ற கவிஞரின் பாடல் ஒன்றுக்கு மெட்டமைத்தார். சாலையோரம் அமர்ந்து வாழ்நாளெல்லாம் கல்லுடைத்த ஒரு தொழிலாளியைப் பற்றியது அப்பாடல். கல்லோடு வாழ்ந்தவன் இறந்தபோது அவன் கல்லறைக்கு ஒரு கல்லும் இல்லை. மக்கிப்போன பலகையே நிற்கிறது. இப்பாடல் நாடெங்கும் பரவியது.

டென்மார்க்கில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கென்றே மக்கள் உயர்பள்ளிகள் 1844 முதல் தோன்றியிருந்தன. அங்கே சேர்ந்து பாடுவது கல்வியின் ஓர் அங்கம். அப்பள்ளிகளுக்காக தாமஸ் லௌப் முதலிய மூவருடன் சேர்ந்து நீல்சன் 1922-இல் ஒரு மெட்டு நூலை வெளியிட்டார். பயிற்சி இல்லாத தொண்டையும் பாட வேண்டும். முதன்முறை கேட்கும்போதே முன்பே அறிந்த பாடல் போல் ஒலிக்க வேண்டும். இதுவே அவர் கொண்ட நெறி. எளிமையாக எழுதுவது எளிதன்று என்பதை எழுதிப் பார்த்தவர் அறிவர்.

அதே ஆண்டில், ஃபூனன் தீவின் வசந்தத்தைப் பாடும் ஒரு படைப்பு ஓடன்ஸ் நகரில் அரங்கேறியது. அரங்கேறிய இடம் அரண்மனையன்று. மாட்டுச் சந்தைக்கான பெரிய கொட்டகை! தம் மண்ணின் இசை, தம் மக்கள் கூடும் இடத்திலேயே ஒலித்தது.

அக்காலத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் பேசியபோது, அவர் வீட்டில் ஊதுகருவிக் கலைஞர்கள் பயிற்சி செய்வது நீல்சன் செவியில் விழுந்தது. அதில் ஈர்க்கப்பட்டு அவர்களுக்கென ஓர் ஐங்கருவி இசையை இயற்றினார். பின் ஐவருக்கும் தனித்தனியே ஒவ்வொரு படைப்பு தர எண்ணினார். புல்லாங்குழலுக்கு 1926-லும், கிளாரினெட்டுக்கு 1928-லும் முடித்தார். எஞ்சிய மூன்றுக்குக் காலம் இடங்கொடுக்கவில்லை.

இதய நோய் அவரை வாட்டியது. 1931-இன் தொடக்கத்தில், தாம் மாணவராகப் பயின்ற இசைக் கல்லூரிக்கே தலைவரானார். அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மறைந்தார். 1950-க்குப் பின்னரே அவர் இசை டென்மார்க்கிற்கு வெளியே பரவலாக ஒலிக்கத் தொடங்கியது. 1962-இல் அமெரிக்க நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் ஐந்தாம் சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தது அப்புகழை வளர்த்தது. 1999 முதல் சில ஆண்டுகள் டென்மார்க்கின் 100 குரோனர் நோட்டில் நீல்சனின் உருவம் இடம்பெற்றது. ஐந்து நாட்களுக்கு மூன்றரைக் குரோனர்கூட முழுதாய்ப் பெறாத சிறுவனின் முகம்!

முடிவுரை

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சில் நிலைத்தது ஒரு நூல். 1927-இல், புகழின் உச்சியில் இருந்தபோது, நீல்சன் தம் ஃபூனன் தீவு இளமைப் பருவத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அரசர் முன்னிலையில் இசைத்தவர், அதில் வாத்து மேய்த்ததை எழுதினார். தந்தையின் வண்ண வாளியை எழுதினார். திருமண வீடுகளில் விடிய விடிய வாசித்ததை எழுதினார். எதையும் மறைக்கவில்லை, எதற்கும் நாணவில்லை. அவர் இசையிலும் அப்படியே. ஐந்தாம் சிம்பொனியை எழுதியதற்காகக் கல்லுடைப்போனின் பாட்டை அவர் கைவிடவில்லை.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். சேர்க்கை விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடம் வந்தபோது என் பேனா சற்றே தயங்கியது. பக்கத்தில் நின்ற மாணவர் பார்க்கிறாரோ என்று கையால் மறைத்துக்கொண்டு 'கூலி' என்று எழுதினேன். அன்று என்னுடன் வந்திருந்த என் தந்தை அதைக் கண்டாரா என்பது எனக்குத் தெரியாது. இதுவரை நான் கேட்டதும் இல்லை.

கற்கும் கல்வி நம்மை ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்குக் கொண்டு செல்லும். செல்லத்தான் வேண்டும். நீல்சனின் சிம்பொனியும் தொடங்கிய சுரத்தில் முடிவதில்லை. ஆனால் முதல் சுரம் ஒலித்திராவிட்டால் கடைசிச் சுரம் இல்லை. அடுத்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்திலும் அதே இடம் வரும். அன்று கையால் மறைக்காமல் எழுதுவேன்.